காற்றடித்த ஒன்பது இரவுகள்

நிருபர்களை ஏற்றிக்கொண்டு கீழே லா செரேனா நகரத்திலிருந்து பஸ் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்ததும், எர்மினியோ ரொட்டியைத் தொடாமல் எழுந்து யஸ்னாவின் மேசைக்குப் போனார்.

மலைமேல் தொலைநோக்கியைத் திருப்பி நிறுத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக. அதில் விழும் ஒளியை வைத்துக் கணக்குப் போடுவது யஸ்னாவின் வேலை.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு நட்சத்திரங்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பவைதான். பெரியது லேசாக அசைகிறது, ஒரு கிரகம் அதை இழுக்கிறது என்று எழுபது இரவுகள் பார்த்து அவள் கண்டுபிடித்திருந்தாள். அதைச் சொல்லத்தான் பதினொரு மணிக்குக் கூட்டம். அவள் அம்மாவும் அந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

எர்மினியோ உட்காரவில்லை.

“டாக்டர், போன குளிர்காலத்துல காத்தடிச்ச ஒன்பது ராத்திரி. திரையில ரெண்டும் ஒண்ணாக் கலங்கிப் போச்சு. எது பெரிசு, எது சின்னதுன்னு எனக்குத் தெரியல. குத்துமதிப்பா ஒண்ணுல வெச்சேன்.”

காற்று மட்டும் காரணமில்லை என்பதையும் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. தெரிந்தால் மலையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மறைத்துவிட்டார்.

யஸ்னா திட்டவில்லை. அந்த ஒன்பது இரவுகளையும் எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓடவிட்டாள். இருபது நிமிடம் ஆனது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

கிரகம் இல்லை.

அசைவு மொத்தமும் அந்த ஒன்பது இரவுகளில்தான் இருந்தது.

பஸ் வந்து நின்றது. யஸ்னா வெளியே போய் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். தப்பு யாருடையது என்று ஒருவர் கேட்டார். சரிபார்க்க வேண்டியது நான்தான் என்றாள். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு மலையிறங்கிப் போனார்கள். அம்மா மட்டும் அவள் கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

சாயங்காலம் யஸ்னா எர்மினியோவைக் கூப்பிட்டனுப்பினாள். அவர் பையைக் கட்டிவைத்துவிட்டுத்தான் வந்தார்.

“கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டீங்களா?”

இன்னும் இல்லை என்றார்.

“இந்த மாசமே வாங்குங்க. குளிர் ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க மறுபடி மேல வந்தாகணும்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். தூக்கிப் போட்ட ஒன்பது இரவுகள் மட்டும் தனியாக. அவர் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்பது புள்ளிகள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறின.

அந்த ஒன்பது இரவும் அவர் தவறி வைத்தது, இதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத சின்ன நட்சத்திரத்தின் மேல்.

அதை ஒரு கிரகம் இழுக்கிறது என்று ஒன்பது புள்ளியை வைத்துச் சொல்லிவிட முடியாது என்றாள் யஸ்னா. சொல்லிக்கொண்டே தொலைநோக்கி நேரம் கேட்கும் புதிய விண்ணப்பத்தைத் திறந்தாள். இந்த முறை சின்னதுக்கு நாற்பது இரவுகள் கேட்டிருந்தாள். ஆய்வாளர்கள் என்ற இடத்தில் அவள் பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக இருந்தது.

“எர்மினியோ ஐயா, உங்க முழுப் பேரு என்ன?”