கசக்காத மாத்திரை

ஓய்வு பெற்றதும், தனக்குப் பெயர் வாங்கித் தந்த நுரையீரல் மருந்தைச் சொந்தச் செலவில் இலவசமாகக் கொடுக்க ஓர் ஊரில் முகாம் போட்டார் விஞ்ஞானி சௌந்தரவல்லி. முன்பு அந்த மருந்தைச் சோதித்துப் பார்க்க உடம்பைக் கொடுத்த ஊர் அது. நன்றிக்கடன் என்று மேடையில் சொன்னார். கை தட்டிச் சால்வை போர்த்தினார்கள்.

காலையில் மாத்திரை வாங்கிப்போன ஒச்சம்மாள் மதியமே திரும்பி வந்து அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"இது வேணாம்மா. மகனுக்குப் பொடிச்சுக் குடுத்தேன், துப்பிட்டான். எட்டிக்காயாக் கசக்குது."

"இந்த மருந்து கசக்கத்தாம்மா செய்யும். முழுசா விழுங்கச் சொல்லுங்க."

"அவுக அப்பாவுக்கும் தொண்டையில எறங்காது. அப்ப நீங்க குடுத்ததையும் பொடிச்சுக் கரைச்சுத்தான் ஊத்துனேன். ஒரு நாளும் கசக்கல. சாகுற வரைக்கும் மறுக்காமக் குடிச்சாரு."

சௌந்தரவல்லியின் கை சால்வை நுனியில் நின்றுவிட்டது. அன்றைய சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. வித்தியாசம் தெரியாதபடி மேற்பூச்சு அமைத்தவரே அவர்தான். யாராவது பொடித்துக் கரைப்பார்கள் என்று ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி ஒச்சம்மாள் குனிந்தாள்.

"ஓசியில குடுக்கிறது மட்டமாத்தான் இருக்கும், தெரியுது. அந்த நல்ல மாத்திரை உங்ககிட்ட ஒண்ணு ரெண்டாவது இருக்கும்ல தாயி?"

சௌந்தரவல்லி சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒச்சம்மாள் நீட்டிய கை அப்படியே விரிந்திருந்தது.