மாப்பிள்ளைக்கு ஒரு கட்டில்

"கை காலைக் கட்டியாவது இவரை உள்ளே தங்க வெச்சிடுங்க டாக்டர்!"

அண்ணன் போட்ட சத்தத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோனது. மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இருவருக்கும் நடுவில் பாப்பா. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அண்ணனுக்குத் தங்கை பாப்பாதான். கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அண்ணன் வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு நாள் முன்னால் பாப்பா வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் அம்மாள் போன் செய்து வத்தி வைத்தாள். "உங்க மாப்பிள்ளை விடியக்காலையில வேலைக்குப் போறப்போ பை நிறைய காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில போட்டுட்டுப் போறார். தெருவே சிரிக்குது!"

அண்ணன் உடனே மாப்பிள்ளையைப் போனில் பிடித்தார்.

"ஆமா மச்சான். தப்புதான்" என்றார் மாப்பிள்ளை. ஒரு மழுப்பல் கூட இல்லை.

அவ்வளவுதான். அண்ணன் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார். வழியெல்லாம் பொட்டுத் தூக்கம் இல்லை. இறங்கிய கையோடு இரண்டு பேரையும் இந்தக் குடிமறப்பு மையத்துக்கு இழுத்து வந்துவிட்டார். டாக்டரம்மா முதலில் தம்பதியிடம் தனியாகப் பேசினார். பிறகுதான் அண்ணனை உள்ளே விட்டார்.

தூக்கம் கெட்ட கண்ணுக்கு எல்லாமே மிதந்தன. வெளியே தூறல். வெள்ளைத் திரை உப்பி உப்பி அடங்கியது. டாக்டரம்மாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து தாலாட்டு மாதிரி வந்தது.

"ரெண்டு வழி இருக்கு. சில வாரம் இங்கேயே தங்கிக்கலாம். இல்லேன்னா வீட்டில இருந்தே தினம் வந்துட்டுப் போகலாம். உடம்பு எவ்வளவு பழகியிருக்கு, வீட்டில தாக்குப்பிடிக்க முடியுமா, அதையெல்லாம் பார்த்துத்தான்..."

தாலாட்டு வேலை செய்தது. அண்ணனின் இமை சரிந்தது.

கனவிலும் மனுஷனுக்கு வேலைதான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. உள்ளே பாப்பா, ரெட்டைச் சடையோடு சின்னப் பெண்ணாக. வெளியே மாப்பிள்ளை, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கையை எடுங்க மாப்பிள்ளை, அவ வெளியே வரட்டும்!" என்று அண்ணன் கத்தினார். கையை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும் என்பது அந்த மெக்கானிக்குக்குக் கனவில் தோன்றவில்லை. பாப்பா மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான்..." மாப்பிள்ளை தோளைத் தொட்டதும் விழித்துக்கொண்டார். "கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணியைப் பத்தி நீங்க பேசாதீங்க!"

மாப்பிள்ளை டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "தினம் வந்துட்டுப் போறதே போதும் டாக்டர். பேக்கரியில சொல்லி ஷிப்டை மாத்திக்கறேன். வீட்டில நான் பார்த்துக்கறேன்."

"நீங்களா? நல்லா இருக்கே, பாலுக்குப் பூனை காவல்!"

"உள்ளே தங்கினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மச்சான்."

"இனிமே தெரியறதுக்கு யார் பாக்கி? தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன?" அண்ணன் மேஜையைத் தட்டினார். "இவ கையைப் பாருங்க, எப்படி நடுங்குது! வீட்டில உட்கார்ந்து, அச்சுக்குப் போற புத்தகத்தைத் திருத்திக்கிட்டு, தேமேன்னு இருந்த பொண்ணு. பாதி உடம்பா இளைச்சுட்டா. உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

தாய் இல்லாத பெண்ணைத் தூக்கி வளர்த்தவர். மாப்பிள்ளையை ஓங்கி ஒரு அறை விட்டால்தான் ஆத்திரம் தீரும் போல இருந்தது.

"எல்லாம் என் தப்புதான் மச்சான். எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. உள்ளே தங்கறது மட்டும் வேண்டாம்."

"மானம் போயிடுமாக்கும்!"

"யார் வேணா சத்தம் போடலாம்" என்றார் டாக்டரம்மா. குரல் உயரவே இல்லை. "வீட்டில தனியா இருக்கிற நேரத்தில ஆசை வந்தா, தாண்டி வர முடியுமா? அதுதான் கேள்வி. சிகிச்சை எடுத்துக்கறவங்கதான் அதுக்குப் பதில் சொல்லணும்."

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பாப்பாவைப் பார்த்தார். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தார்.



பாப்பா எழுந்து நின்றாள்.

"நான் இங்கேயே தங்கறேன் டாக்டர்."

அண்ணன் பதறிப்போனார். "நீ எதுக்குப் பாப்பா? துணைக்கெல்லாம் ஆளைத் தங்க விட மாட்டாங்க. குடிக்கிறவர் இருக்கட்டும். நீ என்னோட வா."

பாப்பா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் ஒரு நாளும் தொட்டதில்லைண்ணா. குடிக்கிறது நான். என் பேர் கெட்டுடக் கூடாதுன்னு, ஊர் தன்னைப் பேசட்டும்னு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டார்."