கூரை ஒழுகாத ஒரு மணி நேரம்

மூடியின் மேல் முதல் சொட்டு விழுந்து சுர்ரென்றது. என் வயிற்றிலேயே விழுந்த மாதிரி இருந்தது.

பானைக்குக் கீழே தணல், மூடிக்கு மேலே தணல், நடுவில் கேக். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்து வீடுகளில் இதற்கு முன் யாரும் கேக் சுட்டது கிடையாது.

சுடச் சொல்லிக் கொடுத்தவர் உம்மு குல்தூம். பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கிற வீட்டு அம்மா. ஆஸ்பத்திரியில் அவருடைய மகளும் என் மகள் பவளமும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கொண்டு வந்த கேக்கில் பவளத்துக்கும் ஒரு துண்டு கிடைத்தது. மூன்று வாரமாகக் கஞ்சியைக்கூடத் துப்பிக்கொண்டிருந்த பிள்ளை அதைத் தின்று, விரலையும் நக்கிவிட்டு, "அம்மா, நீயும் இது மாதிரி சுட்டுக்கிட்டு வர்றியா?" என்றாள்.

ஏழு வயசு. அதுவரை எதையும் கேட்டதில்லை.

பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற வருஷம் அது. கோதுமை மாவுக்காகப் பெரகலக் கடைக்கு மூன்று நடை நடந்தேன். சீனியை லயத்தில் ஒவ்வொரு அறையாக, காம்பரா காம்பராவாக ஏறி இறங்கி, கரண்டி கரண்டியாகச் சேர்த்தேன். பக்கத்துக் காம்பராவுக்கு மட்டும் போகவில்லை. அங்கே இருப்பது என் கொழுந்தன் சிவஞானம். எந்த நாட்டில் இருக்கப் போகிறீர்கள் என்று அரசாங்கம் கேட்டபோது அவர் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார், என் வீட்டுக்காரர் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அண்ணன் தம்பிக்குள் அறுந்த பேச்சு, மூன்று வருஷமாகிறது. அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் போய் வந்துகொண்டிருந்தது பவளம் மட்டும்தான்.

முட்டை என் கோழி போட்டது. அந்த மகராசிக்குக் கோடி கும்பிடு.

இத்தனை பாடுபட்டும் சேர்ந்தது ஒரே ஒரு கேக்குக்குத்தான் போதும். விடிந்தால் ஞாயிறு. ஆஸ்பத்திரியில் பார்க்க விடுகிற நாள். கெட்டுப்போனால் மறுபடி சுட மாவும் இல்லை, நேரமும் இல்லை.

உம்மு குல்தூம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் மூடியைத் திறக்கவும் கூடாது, மேல் தணல் அணையவும் கூடாது. அணைந்தால் நடுவில் அமுங்கிக் களியாகிவிடும்.

பாவம், அவருக்கு எங்கள் கூரையைத் தெரியாது.

கூரைத் தகரத்தில் ஏழு ஓட்டை. ஆறுக்குக் கீழே சட்டியும் வாளியும் வைத்துவிடலாம். ஏழாவது, புகை அரித்த ஓட்டை, அடுப்புக்கு நேர் மேலே. கையை மடக்கி விடுகிற அளவு இருக்கும். வெள்ளையாக ஒரு துண்டு வானம் தெரியும். காலையில் மழை விட்டு வெறித்திருந்தது. அதை நம்பித்தான் அடுப்பை மூட்டினேன். ஐப்பசி மழையை நம்பலாமா?

என் வீட்டுக்காரர் நல்லையா ஓடி வந்து, ஓட்டைக்குக் கீழே சோற்றுத் தட்டை ஏந்தினார். ஒரு நிமிஷத்தில் தட்டு நிரம்பி, மிச்சம் அவர் சட்டைக்குள் போயிற்று. அதைக் கொட்டித் திரும்புவதற்குள் மூடியில் நாலு தணல் கறுத்துவிட்டது.

"முனியாண்டி! ஒரு மணி நேரம் இந்த அடுப்பு மேல மட்டும் ஒழுகாம பாத்துக்கப்பா! எம் புள்ள வாய் தொறந்து கேட்டிருக்கு!"

நான் போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். லயத்துச் சுவர் எதுவும் கூரை வரை எட்டாது.

கொஞ்ச நேரத்தில் மேலே மடாரென்று ஒரு சத்தம். சவுக்குக் கிளை முறிந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். ஓட்டையில் தெரிந்த வானம் சட்டென்று இருண்டது.

ஒழுக்கு நின்றுவிட்டது.

மழை நிற்கவில்லை. அது தகரத்தில் அறைந்த அறையில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. மற்ற ஆறு ஓட்டையும் ஊற்றுகிறது. அடுப்பு மேல் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூரையை மாற்றித் தரும்படி எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறோம், ஒருவர் காதிலும் ஏறியதில்லை. கொழுந்து பறிக்கிற ஒருத்தி ஒரு தடவை கத்தியதற்கு வானமே விலகி நிற்கிறது. பயமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

திருவிழாவுக்குக்கூடத் திருநீறு பூசாத மனுஷன் நல்லையா. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு சேவலும் நேர்ந்துகொண்டார். சேவல் என்னுடையது என்பது வேறு விஷயம்.

புகை போக வழியில்லாமல் காம்பராவுக்குள்ளேயே சுற்றியது. கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தணலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கடைசி வரை சிவப்பாகவே கிடந்தது.

பிறகு அந்த மணம் வந்தது. நான் மூடியைத் தூக்கினேன். நடையாய் நடந்து வாங்கிய மாவும் கரண்டி கரண்டியாகப் பிச்சை எடுத்த சீனியும் பானை விளிம்பு வரை பொங்கி, பொன்னாக நின்றது. ஈர்க்கை விட்டுப் பார்த்தேன், சுத்தமாக வந்தது.

முதல் விள்ளல் முனியாண்டிக்குத்தானே? ஓரத்தில் கிள்ளிக் கையில் பொத்திக்கொண்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினேன். மேட்டிலிருக்கும் கோயிலைப் பார்த்துக் கும்பிடத் திரும்பினேன்.

அப்போதுதான் எங்கள் கூரை கண்ணில் பட்டது.

ஓட்டை இருக்கும் இடத்தில் ஒரு ஆள் குப்புறப் படுத்திருந்தார். அவர் கம்பளி தெப்பமாக நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தகரத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்து நடுங்கின.

தலையை மெல்லத் தூக்கினார். புகையில் கண்ணிரண்டும் சிவந்திருந்தது.

"வெந்துருச்சா அண்ணி? நான் எறங்கவா?"