மேலாளரின் இரண்டாவது கைப்பேசி

மதிய இடைவேளை வந்துவிட்டால் மேலாளருக்குக் கால் தரையில் பாவாது. அறைக் கதவைச் சாத்துவார். சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையின் அடி இழுப்பறையிலிருந்து இரண்டாவது கைப்பேசியை எடுப்பார். அதில் அவருக்கு வயது இருபத்திரண்டு. தலை கொள்ளாத முடி, கையில் கிடார், பெயர் 'வானவில்'. ஐம்பதைத் தாண்டிய வழுக்கைக்கும் தொப்பைக்கும் இணையம் செய்த கைங்கரியம் அது.

வானவில் குறி வைத்திருந்தது, விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியை. அவள் எந்தக் கல்லூரி, எந்த அறை, என்றைக்கு என்ன பரீட்சை என்பதெல்லாம் மேலாளருக்கு அத்துப்படி. இந்த அக்கறையை அலுவலகக் கோப்புகளில் காட்டியிருந்தால் எப்போதோ பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

முதலில் தேன் ஒழுகப் பேசினார். "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் ஒருநாளும் தூண்டில் போட்டதில்லை. கைப்பேசி எண் கேட்டார், அவள் தரவில்லை. பரிசு விழுந்திருப்பதாக ஒரு இணைப்பை அனுப்பினார், அவள் தொடவில்லை. மூக்குடைபட்ட ஒவ்வொரு முறையும் மனிதர் முகத்தில் ஒரு களிப்பு. தோல் அவ்வளவு தடிமன்.

கடைசியில் மிரட்டலில் இறங்கினார். அவள் படத்தைக் கண்டபடி வெட்டி ஒட்டி, ஊர் முழுக்கப் பரப்பப்போவதாக எழுதினார். எழுதியதை மூன்று முறை அழித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

"யார்கிட்ட வேணா போய்ச் சொல்லு. ஒருத்தரும் உன்னை நம்ப மாட்டாங்க" என்று முடித்தார்.

அவளிடமிருந்து பதிலே இல்லை.

அன்றிலிருந்து மேலாளருக்கு நிம்மதி போயிற்று. சொந்தக் கைப்பேசியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அடிக்கிறதா, அடிக்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்ட மனைவிமேல் எரிந்து விழுந்தார். செய்த வேலை அப்படி.

கைப்பேசி அடிக்கவில்லை. அறைக் கதவுதான் திறந்தது.

வந்தவர்கள் இரண்டு காவலர்கள். திருட்டு வேலைக்கான சிம்மைத் தன் சொந்த அடையாள அட்டையைக் காட்டி, அலுவலக முகவரியையும் கொடுத்து வாங்கிய மேதாவியைப் பிடிக்க அவர்கள் பெரிதாக மூளையைக் கசக்கியிருக்க வேண்டியதில்லை.

"வயசுக்கேத்த வேலையா சார் இது?" என்றார் மூத்த காவலர், இரண்டாவது கைப்பேசியை உறையில் போட்டபடி. "நல்லவேளை, விவரமான பொண்ணு. உங்ககிட்ட ஒரு வார்த்தை பதில் பேசல. நீங்க அனுப்பினதெல்லாம் அழிக்காம வச்சிருந்து புகார் குடுத்திருக்கு."

கைதாகிற நேரத்தில் மேலாளரின் முகம் மலர்ந்தது. இந்த ஆளுக்குப் புத்தி சரியில்லையோ என்று காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் சொந்தக் கைப்பேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொன்னார் மூத்த காவலர்.

"அப்பா, ஒரு பொறுக்கி என்னை மிரட்டினான். நீங்க சொல்லித் தந்தபடியே போலீஸ்ல குடுத்துட்டேன், இந்நேரம் புடிச்சிருப்பாங்க. நான் ஏமாந்துடுவேன்னு எப்பப் பாரு பயந்துட்டே இருப்பீங்களே, இனிமேலாவது நிம்மதியா இருங்க. ஆமா, சாப்பிட்டீங்களா?"