நாலு நிமிஷம்

"அந்தக் கடிகாரத்தை எடுத்துடும்மா. வேற ஒண்ணும் கேக்கலை."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் போனை மேஜைமேல் வைத்தார். புகார்ப் பிரிவுப் பெண் எட்டிப் பார்த்தாள். அவர்கள் கம்பெனியின் காய் நகர்த்தும் ஆட்டம்தான். போன மாத அப்டேட்டில் மூலையில் ஒரு சிவப்புக் கடிகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. இருபது விநாடிக்குள் காயை நகர்த்தாவிட்டால் தோல்வி.

"இதுக்காகவா நேர்ல வந்தீங்க? ஆப்லயே எழுதியிருக்கலாமே சார்."

"எழுதறதுல நான் சலிக்கிற ஆளில்லை. தெருவிளக்கு எரியலைன்னாகூட எழுதிப் போட்டுடுவேன். உங்களுக்கும் ஆறு தடவை எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு ஆறு தடவை பதில் வந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். புகார் சொல்ல வருகிறவர்கள் பொதுவாக மேஜையைத் தட்டுவார்கள், மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்வார்கள். இந்த மனிதர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆட்டத்துல உங்க பேரு?"

"கழுகு. கடைப் பேரு அதுதான், அதையே வச்சுட்டேன்."

அவள் தன் கணினியில் தட்டினாள். அவருடைய கணக்கு திறந்தது. மூன்று வருடத்துச் சங்கதியும் வரிசையாக வந்து நின்றது. மேலிருந்து படித்துக்கொண்டே போனவள் கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்." குரல் இறங்கியிருந்தது.

"எனக்கு ஜோடியா ஆடறது ஒரே ஆளுதான். ஆமைன்னு பேரு. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியாது. உங்க ஆட்டத்துலதான் ஒருத்தரோட ஒருத்தர் பேச வழியே இல்லையே. ஒரு காய் நகர்த்த அந்த ஆமைக்கு நாலு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நான் ரெண்டு கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்கி, துடைச்சு வச்சுடுவேன். திரும்பிப் பார்த்தா காய் நகர்ந்திருக்கும். என்னைத் தோக்கடிக்கிற மாதிரிதான் நகர்ந்திருக்கும்."

"அப்டேட் வந்ததுக்கப்புறம்?"

"முதல் நாளே பதினொரு ஆட்டம் தோத்துச்சும்மா. ஒரு காய்கூட நகர்த்த முடியலை. மணி அடிக்குது, ஆட்டம் முடியுது, மறுபடியும் வருது. பன்னெண்டாவது ஆட்டத்துக்கு வரலை. இப்ப தேடினா அப்படி ஒரு ஆளே இல்லைங்குது."

"வேற யார்கூடவாவது ஆடலாமே சார்? எத்தனையோ பேர் இருக்காங்க."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"என் வீட்டுக்காரி தவறிப்போனப்ப இருபது நாள் நான் கடை திறக்கலை, போனைத் தொடலை. ஆட்டம் பாதியில நின்னுபோச்சு. எதிராளி வரலைன்னா 'எனக்கே வெற்றி'ன்னு அழுத்திட்டுப் போயிடலாம் இல்லையா? இருபத்தோராம் நாள் திறந்து பார்க்கிறேன், காயெல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு. அன்னிக்குத்தான் நான் மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்தேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊருக்கெல்லாம் துடைத்துக் கொடுக்கிறவருக்குத் தன்னுடையதைச் சரியாகத் துடைக்க வரவில்லை.

"எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லும்மா. ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"கணக்கை மூடிட்டா சொந்தப் பேரு, விலாசம் எல்லாம் அழிஞ்சுடும் சார். எங்ககிட்டயே இருக்காது. எதுக்கு மூடறோம்னு எழுதினது மட்டும் இருக்கும். படிக்கட்டுமா?"

அவர் தலையாட்டினார். அவள் தேடி எடுத்து, நிதானமாகப் படித்தாள்.

"'என் உடம்பில் அசைவது ஒரு விரல்தான். அதுவும் நினைத்தவுடன் அசையாது. இருபது விநாடி எனக்குப் போதவில்லை. கழுகிடம் சொல்லிக்கொண்டு போகக்கூட வழியில்லை. என்னை ஒருநாளும் அவசரப்படுத்தாத ஆள் அவர் ஒருவர்தான்.'"

அவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"இந்தக் கடிகாரம் யாரோட யோசனை? உங்க முதலாளியா?"

"இல்லை சார். ஆடறவங்க கேட்டது. பழைய கோரிக்கையெல்லாம் மலையாக் குவிஞ்சு கிடந்துச்சு. எதையும் விடாம வரிசைப்படி செஞ்சு முடிங்கன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இதுக்கு முறை வர மூணு வருஷம் ஆச்சு."

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"ஒருத்தர்தான் சார்."

"ஒரு ஆள் கேட்டதுக்கா?" அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "நாலு நிமிஷம் பொறுக்க முடியாத அந்தப் புண்ணியவான் யாரும்மா?"

அவள் பார்வை திரைக்குப் போய்த் திரும்பியது.

"சரி, பேரைச் சொல்ல மாட்டே. ஒரு தாள் கொடு. எழுதித் தர்றேன், அந்த ஆள்கிட்ட சேர்த்துடு. அது போதும் எனக்கு."

அவர் எழுதினார். பாதியில் நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து, மறுபடி எழுதினார். அவள் அவசரப்படுத்தவில்லை. எழுதியதை அவரே ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"'ஐயா, நீங்கள் கேட்ட கடிகாரம் வந்துவிட்டது. ஒரே ஒரு விரல் அசைகிற மனிதரை அது வெளியே தள்ளிவிட்டது. உங்களுக்கு அப்படி என்ன ஐயா அவசரம்?'"

தாளை மடித்து நீட்டினார். அவள் கை நீட்டவில்லை.

"கட்டாயம் சேர்த்தாகணுமா சார்?"

"கட்டாயம் சேர்த்தாகணும்."

அவள் திரையை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

கடைசி வரியில், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியில், ஒரு கோரிக்கை இருந்தது: 'எனக்கு வாய்த்த ஆள் ஒரு காய் நகர்த்த நாலு நிமிஷம் எடுக்கிறார். எனக்குக் கடையில் வேலை இருக்கிறது. தயவுசெய்து ஒரு கடிகாரம் வையுங்கள். இப்படிக்கு, கழுகு.'