பின்பக்கக் குழாய்

அம்மா அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தால் நேரே பின்பக்கக் குழாய்க்குத்தான் போவாள். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவாமல் எங்களைத் தொடமாட்டாள். நாங்கள் எவ்வளவு அழுதாலும் அவசரப்பட மாட்டாள். ஹெட் நர்ஸாகி ஓய்வுபெற்ற பிறகும், கடைக்குப் போய்வந்தால்கூட அதே பழக்கம்தான்.

நான் மூன்று மாதக் கர்ப்பமாக இருந்தபோது அம்மா இறந்தாள். முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் நேமத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. அம்மாவோடு வேலை பார்த்த ரோஸ்லெட் சிஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“உன் அம்மை தூக்கினா எந்தப் பிள்ளையும் கரச்சில நிறுத்திரும், கேட்டியா,” என்றார்.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். வீட்டிலிருந்த எல்லோரும் முன்னறையில் கண்மூடி எழுந்து நின்றோம். உள்ளறைத் தொட்டிலில் என் மகள் விழித்து அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

நான் உள்ளே போகத் திரும்பினேன். ரோஸ்லெட் சிஸ்டர் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்தார்.

“பொறு மக்களே. அவ கை கழுவுதால்லா.”

குழாய்ச் சத்தம் நின்றது. பிறகு அழுகையும் நின்றது. சிஸ்டர் என் கையை விட்டார்.