நாற்காலிக் குற்றம்

தெய்வசிகாமணி செய்த குற்றங்களைச் செல்லமுத்து வரிசை மாறாமல் அடுக்கினார்.

"ஒண்ணு, சங்கராபுரம் கூட்டத்துல நாம எல்லாம் தரையில உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் நாற்காலி போட்டுக்கினான். ரெண்டு, ஊர்வலத்துல தடி ஊணிக்கினு ஜமீன்தார் மாதிரி வந்தான். மூணு, உண்ணாவிரதப் பந்தல்ல நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்கினான்."

கள்ளக்குறிச்சி ரைஸ்மில் களம் கொதித்தது. விடிந்தால் இடஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டையில் சாலை மறியல். வெளியே லாரிகளில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேளம் காதைப் பிளந்தது.

தரையில் உட்காருவது சங்கத்தின் முதல் விதி. தலைவர் செல்லமுத்துவே எழுதியது. அப்பன் பாட்டனுக்கு நாற்காலி கொடுக்காத ஊரில், எல்லோருக்கும் கிடைக்கிறவரை எவனும் தனியாக உட்காரக் கூடாது.

அவர் மட்டும் நின்றபடியே பேசினார். உட்கார்ந்தால் எழுவதற்குத் தூணைப் பிடிக்க வேண்டும். அதைக் கூட்டம் பார்க்கக் கூடாது.

"உன்ன சங்கத்த வுட்டு நீக்கத் தீர்மானம் எழுதியாச்சு. நீக்கிட்டா நாளைக்கு லாரியில ஏற முடியாது. பதில் இருக்காடா?"

"இல்லண்ணே. தீர்மானத்தப் படிங்க." தெய்வசிகாமணி வெளியே லாரியைப் பார்த்தான். லாரியில் பறந்த கொடியெல்லாம் அவன் தைத்தது.

அவன் மனைவி அமிர்தம் எழுந்தாள்.

"நீ உட்காருடி," என்று அவள் கையை இழுத்தான் தெய்வசிகாமணி.

"சும்மா இருய்யா. எத்தினி நாளைக்குத் திட்டு வாங்கிக்கினு இருப்ப? அண்ணே, இவுரு முட்டி நல்லாதான் இருக்குது. போன வாரம்கூட கல்வராயன் மலை ஏறிக் கடுக்கா பொறுக்கினு வந்தாரு."

"அப்ப நாற்காலி இன்னாத்துக்கு? சொகுசா?"

"உங்களுக்கு. போன மறியல்ல எழுந்திருக்க முடியாம நீங்க பல்லக் கடிச்சதப் பாத்துட்டு வந்து, அன்னிக்கு இவுரு சோறு துன்னல. டாக்டராண்ட போயி, 'எங்க அண்ணனுக்கு இன்னா பண்ணலாம்'னு கேட்டாரு."

கூட்டம் செல்லமுத்துவின் முட்டியைப் பார்த்தது.

"முட்டித் தேய்மானமா இருக்கும், நேர்ல இட்டுக்கினு வான்னாரு டாக்டரு. அதுவரைக்கும் சம்மணம் வேணாம், குந்த வேணாம். வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில தடி. நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினா, தொடைச் சதை பலப்பட்டு முட்டியத் தாங்குமாம். வலின்னு நடக்காமலே கெடந்தா இன்னும் ஜாஸ்தியாயிடுமாம்."

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா கேப்பீங்களா? போலீசு அடிச்சே படுக்காதவன்னு சண்டைக்கு வருவீங்க. 'எவனாவது மொதல்ல உட்கார்ந்து திட்டு வாங்கினாத்தான், அண்ணன் ரெண்டாவதா உட்காருவாரு'ன்னு இவுருதான் ஆரம்பிச்சாரு."

தெய்வசிகாமணி ஏதோ திருடி மாட்டிக்கொண்டவன் போல நெளிந்தான்.

"இப்பவாச்சும் உட்காருண்ணே," என்றது ஒரு குரல். களமே சிரித்தது.

செல்லமுத்து சிரிக்கவில்லை. விசாரணைக்காகக் கொண்டுவந்திருந்த தெய்வசிகாமணியின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு கூட்டத்தில் முட்டி இரண்டும் வலியில்லாமல் இருந்தன. தீர்மானத்தைக் கையில் எடுத்தார்.

"அதான் வெளங்கிப் போச்சேண்ணே. கிழிச்சிப் போடுங்க," என்றாள் அமிர்தம்.

"விதின்னா விதிதாம்மா. தீர்மானத்துல சாட்சிக் கையெழுத்துப் போடுற ரெண்டு பேரும் முன்னால வாங்க."

வந்தார்கள். மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, உரக்கப் படித்தார்.

"விதியை மீறி நாற்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காக, இன்று முதல் சங்கத்திலிருந்து நீக்கப்படுபவர், செல்லமுத்து."